லப்-டப்புக்கு நடுவே ஒரு ரீங்காரம்: எட்டு வயது மகனின் இதயம் பற்றி ஒரு தந்தையின் கடிதம்

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பது அவர் தொழில். பெயர், ஊர் எதுவும் வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

மூன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, சீட்டில் 'மர்மர்' (இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் சத்தம்) என்று எழுதி மாவட்ட மையத்துக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுத்து, "இது இன்னசென்ட் மர்மர், ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் 'டிரிவியல் டிஆர்' என்றும் 'இஎஃப் 65%' என்றும் இருந்தது. இவருக்குத் தூக்கம் போய்விட்டது. "மர்மர் என்ற பெயரே மர்மம் மாதிரி இருக்கிறது டாக்டர்" என்று எழுதுகிறார்.

அப்புறம் அவர் செய்ததுதான் இந்தக் கடிதத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது. ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கி, இரண்டு மாதமாகத் தினமும் இரவில் பையன் நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். 'டப்' என்ற சத்தம் சில சமயம் 'ட்ரப்' என்று இரண்டாக உடைகிறது. மூச்சை இழுக்கும்போது மட்டும். மூச்சை இழுத்தால் துடிப்பு வேகமாகிறது, விட்டால் மெதுவாகிறது. லப்புக்கும் டப்புக்கும் நடுவே, கரண்ட் கம்பத்தின் ஸ்டே கம்பியைத் தட்டினால் வருவது போல ஒரு ரீங்காரம் கேட்கிறது. பையன் படுத்திருந்தால் பலமாக, எழுந்து நின்றால் லேசாக. "ஃபுட் வால்வு லீக் ஆனால் மோட்டார் நின்றதும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகும். படுக்கும்போது என் மகனுக்கும் அப்படித்தான் ரத்தம் திரும்புகிறதா?" என்பது அவருடைய பெரிய கேள்வி.

உடற்பயிற்சி ஆசிரியர் பையனை ஓட்டப் பந்தயப் பயிற்சியில் சேர்க்க மறுக்கிறார். தெரிந்தவர் ஒருவர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடச் சொல்கிறார். இவை போக, கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு வரிகள் உண்டு. முகாம் சீட்டில் ஹீமோகுளோபின் 9.6 என்று இருந்தது என்பது ஒன்று. மனைவியின் தம்பி 27 வயதில் வாலிபால் ஆடும்போது விழுந்து இறந்துபோனார், 'அட்டாக்' என்றார்கள் என்பது இன்னொன்று.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு பாராட்டு. படுத்தால் கூடுகிறது, நின்றால் குறைகிறது என்று நீங்கள் குறித்தது, எங்கள் மருத்துவ மாணவர்கள் பல பேர் கவனிக்கத் தவறும் விஷயம். அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தலைகீழ். அதைப் பிறகு சொல்கிறேன். பம்பும் வால்வும் உங்களுக்குத் தெரிந்த உலகம் என்பதால், வழக்கமாக நோயாளிகளின் வீட்டாரிடம் சொல்வதைவிடக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

வால்வு திறக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல வால்வு திறக்கும்போது சத்தமே போடாது. சத்தம் வருவது மூடும்போது. உங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். உயரமான டேங்குக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்துகிறீர்கள். பைப்பில் மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர் திரும்ப முயல்கிறது, ரிட்டர்ன் வால்வு படக்கென்று மூடிக்கொள்கிறது, 'டொம்' என்று ஒரு சத்தம், பைப் முழுக்க ஓர் அதிர்வு. அந்த 'டொம்' வெறும் தகடும் தகடும் மோதிய சத்தம் இல்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிறுத்தப்பட்டதால் தண்ணீரும் குழாயும் சேர்ந்து அதிர்வது. இதயத்தில் கேட்கும் லப்பும் டப்பும் அதே வகைதான்: ரத்தம் திடீரென்று தடுக்கப்படும்போது வால்வு, சுவர், ரத்தம் மூன்றும் சேர்ந்து போடும் சத்தம்.

இதயம் ஒரு பம்பு இல்லை, அருகருகே ஒட்டிய இரண்டு பம்புகள். வலது பம்பு உடலிலிருந்து வரும் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. இடது பம்பு நுரையீரலிலிருந்து வருவதை உடல் முழுக்கத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ரத்தத்தைத் தள்ளுகின்றன, ஆனால் அழுத்தம் வேறு. பெரியவர்களில் இடது பக்கம் 120 வரை ஏறும். வலது பக்கம் 25 போதும், ஏனென்றால் நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்களும் இளகியவை. ஒவ்வொரு பம்பிலும் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு வால்வு, கீழறையிலிருந்து வெளியே போகும் வழியில் ஒரு வால்வு. ஆக மொத்தம் நான்கு.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் ஒரு பெரியவருடைய இதயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் சுமார் 0.3 வினாடி கீழறை சுருங்கும் நேரம், மீதி 0.5 வினாடி ஓய்வு. ஓய்வு என்றால் சும்மா இருப்பது இல்லை. அப்போதுதான் மேலறை வால்வுகள் திறந்து, ரத்தம் கீழறைக்குள் இறங்குகிறது. பெரும்பகுதி தானாகவே வழிந்துவிடும். கடைசியில் மேலறை ஒரு சின்ன அழுத்து அழுத்தி மீதி சுமார் ஐந்தில் ஒரு பங்கை உள்ளே அனுப்புகிறது. இவ்வளவும் நடக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் பொதுவாக அமைதிதான்.

இப்போது கீழறை சுருங்க ஆரம்பிக்கிறது. உள்ளே அழுத்தம் மேலறையைத் தாண்டிய கணமே ரத்தம் மேலே திரும்பப் பார்க்கிறது. இடது பக்கம் மைட்ரல், வலது பக்கம் டிரைகஸ்பிட் என்ற இரண்டு வால்வுகளும் மூடிக்கொள்கின்றன. அதுதான் லப். இதற்கு அடுத்து வரும் ஒரு நொடித்துளி எனக்கு எப்போதும் பிடித்தது. வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் நான்கு வால்வுகளும் மூடியிருக்கின்றன. கீழறை ரத்தத்தை இறுக்குகிறது, ஆனால் ஒரு சொட்டுகூட வெளியே போவதில்லை. அழுத்தம் மட்டும் கிடுகிடுவென்று ஏறுகிறது. டெலிவரி வால்வை மூடி வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டால் கேஜ் முள் ஏறுமே, அது போல. பெருந்தமனியில் காத்திருக்கும் 80 என்ற அழுத்தத்தைத் தாண்டியதும் வெளி வால்வு சத்தமில்லாமல் திறக்கிறது, ரத்தம் பாய்கிறது, அழுத்தம் 120 வரை போகிறது. பிரஷர் பார்க்கும்போது சொல்கிறார்களே 120/80, அந்த இரண்டு எண்களும் இங்கிருந்து வருபவைதான்.

சுருக்கம் முடிந்து கீழறை தளர்கிறது. வெளியே போன ரத்தம் திரும்ப எட்டிப்பார்க்கிறது. பெருந்தமனி வால்வும் நுரையீரல் தமனி வால்வும் மூடிக்கொள்கின்றன. அதுதான் டப். லப்பைவிடக் கொஞ்சம் குட்டையான, கூர்மையான சத்தம்.

இதில் ஒரு தவறு செய்ததற்காக வருத்தப்படாதீர்கள். 1816-ல் பாரிஸில் ஒரு காகிதக் கற்றையைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டு, ஸ்டெதாஸ்கோப்புக்கே பிள்ளையார் சுழி போட்ட லென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவர், இரண்டாவது சத்தம் மேலறை சுருங்குவதால் வருகிறது என்றுதான் நம்பினார். வால்வு மூடுவதுதான் காரணம் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள்.

நீங்கள் கேட்ட மூன்று விஷயங்கள்

'ட்ரப்' என்று இரண்டாகக் கேட்பது. டப் என்பது இரண்டு வால்வுகள் மூடும் சத்தம் என்றேன். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. உங்கள் மொழியில் சக்‌ஷன் கூடுகிறது. உடலிலிருந்து வலது பக்கத்துக்கு அதிக ரத்தம் வருகிறது, அதைத் தள்ளி முடிக்க வலது கீழறைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதனால் வலது பக்கத்து வால்வு ஒரு இம்மி தாமதமாக மூடுகிறது. மூச்சை விட்டதும் இரண்டும் ஒன்றாகிவிடும். இது ஆரோக்கியமான இதயத்தின் அடையாளம். மேலறைகளுக்கு நடுவே ஓட்டை உள்ள குழந்தைகளுக்கு மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அது பிரிந்தே கேட்கும், இடைவெளி மாறாது. உங்கள் மகனுக்கு விடும்போது சேர்ந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

துடிப்பின் வேகம் மாறுவதும் மூச்சோடு போகும் விளையாட்டுதான். இழுத்தால் வேகம், விட்டால் நிதானம். குழந்தைகளிடம் இது பளிச்சென்று தெரியும், வயதாக ஆகக் குறையும். இதை ஒழுங்கற்ற துடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு ஒழுங்கு அதில் இருக்கிறது.

இனி அந்த ரீங்காரம். லண்டனில் இருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1909-ல் குழந்தைகளிடம் கேட்கும் ஒரு சத்தத்தைப் பற்றி எழுதினார். இழுத்துக் கட்டிய ஒரு நாணை மீட்டினால் வருவது போல இருக்கிறது என்று அதற்கு ஒரு ஒப்புமையும் சொன்னார். இன்றுவரை அதை அவர் பெயரால் ஸ்டில் மர்மர் என்கிறோம். நீங்கள் சொன்ன ஸ்டே கம்பியும் அவர் சொன்ன நாணும் ஒன்றேதான். இன்னசென்ட் மர்மர்களில் அதிகம் காணப்படுவது இது. ரத்தம் சுருக்கத்தின்போது வேகமாக வெளியேறுகிறது, குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது, அதனால் அந்த ஓட்டத்தின் சத்தம் வெளியே கேட்கிறது. வால்விலும் சுவரிலும் குறை எதுவும் இருக்கத் தேவையில்லை. ஆற்றில் பாறை இல்லாத இடத்திலும் வேகமாக ஓடினால் சலசலப்பு உண்டல்லவா?

இப்போது உங்கள் ஃபுட் வால்வுக் கேள்விக்கு வருகிறேன். படுக்கும்போது ரத்தம் பின்னால் திரும்பி ஒழுகுவதால் சத்தம் கூடவில்லை. நிற்கும்போது ரத்தத்தில் ஒரு பகுதி கால்களில் தேங்கி நிற்கிறது. படுத்ததும் அது இதயத்துக்கு வந்துவிடுகிறது. வரத்து கூடினால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் கூடுகிறது, அதனால் ரீங்காரமும் கூடுகிறது. எழுந்து நின்றால் வரத்து குறைகிறது, சத்தமும் குறைகிறது. ஆக, நீங்கள் கேட்டது முன்னோக்கிப் போகும் ரத்தத்தின் சத்தம். படுத்தால் கூடி நின்றால் குறைவது இன்னசென்ட் மர்மரின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. இதற்கு நேர்மாறாக, நின்றால் கூடும் மர்மர் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தின் பிற்பகுதியில் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் நீங்களே சோதிக்கலாம். கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் விரலை மெதுவாக வைத்துக்கொண்டு கேளுங்கள். நாடி தட்டுவது லப்பை ஒட்டியே வரும். ரீங்காரமும் அதனுடன் வந்தால், அது சுருக்க நேரத்துச் சத்தம். குழந்தைகளுக்குத் துடிப்பு வேகமாக இருப்பதால் எது லப், எது டப் என்றே குழம்பும். அதற்கு இந்த விரல்தான் துணை. டப்புக்குப் பிறகு, ஓய்வு நேரத்தில், இதயத்துக்கு மேல் மர்மர் கேட்டால் அதை நாங்கள் இன்னசென்ட் என்று விடமாட்டோம். ஆனால் அதைத் தீர்மானிப்பது வீட்டு ஸ்டெதாஸ்கோப்பின் வேலை இல்லை.

சத்தம் பலமாக இருந்தால் நோய் பெரிது என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அது தவறு. தோட்டத்து ஹோஸ் முனையை விரலால் அடைத்தால் தண்ணீர் 'உஸ்' என்று சீறும். விரலை எடுத்தால் சத்தமில்லாமல் கொட்டும். கீழறைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை பெரிய இரைச்சல் போடலாம், பெரிய ஓட்டை அதைவிட அமைதியாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு சொற்கள்

'இஎஃப் 65%' என்றால் இதயம் 65 சதவீதம்தான் வேலை செய்கிறது, 35 சதவீதம் பழுது என்று நினைத்திருக்கிறீர்கள். இந்தப் பயத்தோடு என்னிடம் வருபவர்களுக்குக் கணக்கே இல்லை. நூற்றுக்கு நூறு மார்க் எடுத்துப் பழகிய நாடு. அது மார்க் இல்லை. நிரம்பிய கீழறையில் இருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்பில் எவ்வளவு வெளியே போகிறது என்ற விகிதம். பெரியவர் ஒருவரின் கீழறையில் சுமார் 120 மில்லி இருந்தால், 70 மில்லி வெளியே போகும், 50 மில்லி உள்ளேயே நிற்கும். எந்த இதயமும் முழுவதையும் காலி செய்யாது. 55 முதல் 70 வரை சாதாரணம். உங்கள் மகனுடைய 65 நல்ல எண்.

'டிரிவியல் டிஆர்' என்றால் டிரைகஸ்பிட் வால்வு மூடும்போது ஒரு துளி ரத்தம் பின்னால் நழுவுகிறது என்று பொருள். இன்றைய எக்கோ கருவிகள் அவ்வளவு நுட்பமானவை. ஆரோக்கியமான மனிதர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியும். எனக்கு எடுத்தாலும் இருக்கக்கூடும். அதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. கையால் எழுதும் காலத்தில் இதையெல்லாம் டாக்டர்கள் எழுதாமலே விட்டுவிடுவார்கள். இப்போது கருவியில் தெரிந்த எல்லாமே பிரிண்டில் வந்து, பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சி.டி. ஸ்கேன் வேண்டாம். எட்டு வயதுக் குழந்தைக்குக் கதிர்வீச்சு, நரம்பில் செலுத்தும் சாயம், இவ்வளவுக்கும் பிறகு உங்கள் கேள்விக்கு அதில் பதில் இருக்காது. வால்வு அசைவதையும் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் நேரில் காட்டுவது எக்கோதான். அதை எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். குழந்தைகள் இதய மருத்துவர் என்றால் மறுபடி எடுக்க அவசியமில்லை. இல்லையென்றால், அதே ரிப்போர்ட்டுடன் ஒரு முறை குழந்தைகள் இதய மருத்துவரைப் பாருங்கள். ரிப்போர்ட்டின் நகலும், அதில் உள்ளதற்குப் புரியும்படியான விளக்கமும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்ற மூன்று நான்கு சொற்களோடு அனுப்பியதுதான் உங்களை ஸ்டெதாஸ்கோப் கடைக்கு அனுப்பியது. எங்கள் தரப்புத் தவறு அது.

பள்ளிப் பரிசோதனையைக் குறை சொல்லாதீர்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது அது. பிறவி இதயக் குறை உள்ள பல குழந்தைகள் இந்த வழியில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை வரை செலவில்லாமல் செய்ய வழி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அனுப்புவது அவர்கள் கடமை, அதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். அந்தச் சீட்டில் அவர்கள் எழுதிய இன்னொன்றைத்தான் நீங்கள் விட்டுவிட்டீர்கள்.

9.6

எட்டு வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்த சோகை. 9.6 என்பது நடுத்தர அளவு. ரத்தம் நீர்த்திருந்தால், உடலுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாகவும் அதிகமாகவும் தள்ள வேண்டியிருக்கிறது. அதனாலேயே மர்மர் பலமாகக் கேட்கும். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். இரண்டு மாதமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ரீங்காரத்தில் ஒரு பங்கு இந்த 9.6 போட்ட சத்தமாக இருக்கலாம்.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இளஞ்சிவப்பு மாத்திரை, சோகை வராமல் தடுக்கத்தான். வந்த சோகையைச் சரிசெய்ய அது போதாது. குழந்தை மருத்துவரிடம் காட்டி, எடைக்கு ஏற்ற அளவில் தினமும் இரும்புச் சத்து மருந்து வாங்குங்கள். குடல் புழுவுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மருந்து கொடுத்தும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும், அதனால் ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி கொடுக்க வேண்டாம், இரும்பை உடலில் சேரவிடாது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்ந்தால் நல்லது. அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். எண் ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரி

மைத்துனரைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். 27 வயது, விளையாடிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று. பிரேதப் பரிசோதனை நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. 'அட்டாக்' என்று ஊரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அந்த வயதில் எல்லாச் சாவும் ரத்தக் குழாய் அடைப்பால் வருவதில்லை. இதயத் தசை காரணமில்லாமல் தடித்துப்போகும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதி என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது கணக்கு. பெற்றோரில் ஒருவருக்கு அதற்கான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு. நின்றால் கூடும் மர்மர் என்றேனே, அது இந்த நோய்க்கு உரியது. நிற்கும்போது கீழறை குறைவாக நிரம்புகிறது, தடித்த தசை வெளியேறும் வழியை இன்னும் நெருக்குகிறது, அதனால் இரைச்சல் கூடுகிறது. உங்கள் மகனுக்கு நேர்மாறாக இருப்பதும், எக்கோ சரியாக இருப்பதும் ஆறுதலான விஷயங்கள்.

ஆனால் அதோடு முடித்துவிட முடியாது. தசைத் தடிப்பு சிலருக்குப் பதின்ம வயதில்தான் தலைகாட்டும். இன்னொன்று, இதயத்தின் மின்னோட்டத்தில் வரும் சில பரம்பரைக் கோளாறுகளுக்குச் சத்தமே கிடையாது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காது, எக்கோவில் தெரியாது. இசிஜியில்தான் தெரியும். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், மகனுக்கு இசிஜி எடுத்ததாக எங்கும் இல்லை. வலியில்லாத, சில நிமிடங்களில் முடிகிற, செலவும் அதிகமில்லாத பரிசோதனை அது.

இதில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் மகனையும்விட உங்கள் மனைவியை. இறந்தவரின் உடன்பிறந்தவர் அவர். அவருக்கு ஒரு இசிஜி, ஒரு எக்கோ. மாமனார், மாமியாருக்கும், மைத்துனருக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் அப்படியே. மனைவிக்கு எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் மகனைப் பற்றிய கவலை வெகுவாகக் குறையும். ஏதாவது தெரிந்தால், மகனைக் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து பார்ப்போம். மைத்துனர் அதற்கு முன்னால் மயங்கி விழுந்ததுண்டா, மனைவி வழி உறவில் வேறு யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா, யாருக்காவது வலிப்பு என்று சொல்லி மருந்து கொடுத்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஓடலாமா?

இன்னசென்ட் மர்மர் எந்த விளையாட்டுக்கும் தடை இல்லை. மர்மர் மட்டும் இருந்திருந்தால் நாளைக்கே ஓடவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். மைத்துனர் விஷயம் இருப்பதால், இந்த வாரத்தில் இசிஜி எடுத்து அதை மருத்துவர் பார்க்கும் வரை பந்தயப் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். தெருவில் பிள்ளைகளோடு ஆடுவதை நிறுத்த வேண்டாம். இசிஜி சரியாக இருந்தால், 'எந்தக் கட்டுப்பாடும் இல்லை' என்று மருத்துவரிடமே எழுதி வாங்கி ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் மறுத்தது பயத்தால்தான். ஒரு கடிதம் இருந்தால் அவரும் நிம்மதியாகச் சேர்த்துக்கொள்வார்.

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

- ஓடும்போதோ, திடுக்கிட்டபோதோ மயங்கி விழுவது. வெயில், பசி என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.
- விளையாடும்போது நெஞ்சு வலி, மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது.
- காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் என்று இடம் மாறி மாறி வீங்கி வலிப்பது. தொண்டைப் புண்ணுக்குச் சில வாரம் கழித்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இப்படித்தான் தொடங்கும். அது வால்வைக் கெடுக்கும்.

ஸ்டெதாஸ்கோப்பை என்ன செய்வது? வீட்டில் இருக்கட்டும். ஆனால் இரவில் மகன் நெஞ்சில் வைப்பதை நிறுத்துங்கள். இரண்டு மாதமாகத் தினமும் அப்பா தன் நெஞ்சைக் கேட்டுவிட்டு முகம் வாடிப்போவதை ஒரு எட்டு வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அவனிடம் கேட்டீர்களா? வேண்டுமானால் ஒரு நாள் அதை அவன் காதில் மாட்டி, உங்கள் நெஞ்சைக் கேட்கவிடுங்கள்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. தம்பியை இழந்தவர், "உனக்கும் அது இருக்கலாம்" என்று சொன்னால் அவர் தாங்கமாட்டார். பையனுக்காகக் கேட்கிறார்கள், அம்மாவுடைய இசிஜியும் எக்கோவும் வேண்டுமாம் என்று தொடங்குங்கள். அது பொய்யும் இல்லை. தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அம்மா, மகன் இரண்டு பேருடைய இசிஜி காகிதத்திலும் மேலே 'க்யூ.டி.' என்று போட்டு ஒரு எண் இருக்கும். கீழறைகளின் மின்னோட்டம் ஒரு துடிப்பில் தொடங்கி அடங்க எடுக்கும் நேரம் அது. சத்தமே இல்லாத அந்த மின்னோட்டக் கோளாறுகளைத் தேட உதவும், அதையும் சேர்த்துக் குறித்து அனுப்புங்கள்.